சித்தேரிக்கு டவரா, ஓசூருக்கு ஃபைபரா: முதல் ரூபாய் எங்கே போக வேண்டும்?

மலையடிவாரம் (அரூர்)
தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் 2004 வரை ஒரே மாவட்டம். இன்றைக்குக் கிருஷ்ணகிரியின் ஓசூர் மூலையில் 5ஜி, தருமபுரியின் சித்தேரி மூலையில் போன் பேசவே பாறை ஏற வேண்டும்.

என் அக்கா சித்தேரி மலையில் ஒரு சிற்றூரில் இருக்கிறாள். நூறு நாள் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளர். 2023 ஜனவரியிலிருந்து வருகைப் பதிவைச் செயலியில்தான் போட வேண்டும் என்று ஆனது, நாளுக்கு இரண்டு போட்டோவோடு. எடுப்பது கஷ்டம் இல்லை, அனுப்புவதுதான் கஷ்டம். நான் போயிருந்தபோது கூடவே நடந்தேன். பாறை உச்சியில் மூன்று கற்களை அடுக்கி ஊர்க்காரர்கள் ஒரு மாடம் மாதிரி கட்டியிருக்கிறார்கள். போனை அதற்குள் சாய்த்து வைத்தால் இரண்டு கட்டம் சிக்னல். கையில் எடுத்தால் போய்விடும். அதனால் பேசுகிறவர்கள் குனிந்து, காதை மாடத்துக்குள் விட்டுப் பேசுகிறார்கள். பிரசவ வலி வந்தாலும் 108க்கு அங்கிருந்துதான்.

திட்டம் போடுகிறவர்கள் முதலில் மலையைப் பார்க்கட்டும். ஓசூர் கொஞ்சம் காத்திருக்கலாம்.

பாகலூர் ரோடு (ஓசூர்)
உங்கள் அக்கா படும் பாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் 'ஓசூர் காத்திருக்கலாம்' என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. எங்கள் தெருவில் சிக்னல் முழுசாகக் காட்டும், ராத்திரி எட்டு மணிக்கு ஒரு வீடியோ கால் நிற்காது. டவரின் ஒரு முகத்துக்கு உள்ள அலைவரிசையை அந்தப் பக்கம் இருக்கும் அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். 2019ல் மாநகராட்சியான ஊர், வாரத்துக்கு ஒரு அடுக்குமாடி எழும்புகிறது, டவரும் கேபிளும் பழைய கணக்கிலேயே நிற்கின்றன. சிப்காட் வேலை, பெங்களூரு வேலை, ரோஜாத் தோட்டக்காரர் விலை கேட்பது எல்லாம் இந்த ஒரு குழாய் வழியாகத்தான். ஒரே பணத்தில் சில நூறு பேருக்கா, பல ஆயிரம் பேருக்கா என்று கேட்பது தப்பா?

மலையடிவாரம் (அரூர்)
அது ஒரே பணம் இல்லை சார், அங்கேதான் தவறுகிறீர்கள். போன் கம்பெனிகள் வருவாயில் 8% உரிமக் கட்டணமாகக் கட்டுகின்றன, அந்த எட்டில் ஐந்து தனியாக ஒரு நிதிக்குப் போகிறது. 2002ல் தொடங்கியது, 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர். லாபம் வராத இடத்துக்குச் சேவை கொண்டுபோகத்தான் அதை வைத்தார்கள். ஓசூரில் கம்பெனி தன் காசைப் போட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும், வாடிக்கையாளர் இருக்கிறார். மலையில் அந்த நிதி வராவிட்டால் வேறு யாரும் வரமாட்டார்கள்.

பழைய லைன்மேன் (பாலக்கோடு)
இரண்டு பேருமே டவரோடு நின்றுவிட்டீர்கள். முப்பது வருடம் கேபிள் வேலை பார்த்தவன், கொஞ்சம் சொல்கிறேன்.

டவர் வெறும் கம்பம். அதற்குப் பின்னால் இரண்டு வேண்டும்: கரண்ட், பின்வழி. பின்வழி என்பது டவரிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை போகும் பாதை. ஃபைபர் இல்லாத இடத்தில் மத்தளம் மாதிரி வட்ட ஆன்டெனா வைத்து அடுத்த டவருக்கு மைக்ரோவேவில் அனுப்புவோம். இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும், நடுவில் ஒரு குன்று வந்தால் முடிந்தது. கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம், அப்புறம் ஜெனரேட்டருக்கு டீசல் கேனைத் தலைச்சுமையாகத்தான் ஏற்ற வேண்டும். மழைக்காலத்தில் யார் ஏற்றுவது? டவர் நிற்கும், சிக்னல் இருக்காது.

ஃபைபரும் அப்படித்தான். ஒரே கோடாகப் போட்டால், ரோட்டோரம் ஜேசிபி ஒரு இடத்தில் வெட்டினாலும் அதற்கு மேலே உள்ள ஊர் அத்தனையும் செத்துப்போகும். ஒரு தடவை பென்னாகரம் ரோட்டில் கொட்டும் மழையில் குடை பிடித்துக்கொண்டு, தலைமுடி மாதிரி இழையைத் துடைத்துத் துடைத்து ஒட்டவைத்தோம். விடிந்துவிட்டது. வளையமாகப் போட்டிருந்தால் சிக்னல் மறுபக்கம் சுற்றி வந்திருக்கும், ஊர் தூங்கியிருக்கும். ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தை 2023ல் திருத்தினார்கள், அதில் ஊராட்சிகளை வளையமாக இணைப்பதாகத்தான் இருக்கிறது. நமக்குப் போடுவது வளையமா, கோடா என்று முதலில் கேளுங்கள்.

பாகலூர் ரோடு (ஓசூர்)
அண்ணா, நீங்கள் சொல்வதே என் பக்கத்துக்குத்தான் வலு. கரண்ட், டீசல், பின்வழி எல்லாம் இவ்வளவு கஷ்டம் என்றால் மலைக்கு எதற்கு டவர்? சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சாட்டிலைட் இணையம் இருக்கிறது. ஊருக்கு ஒரு தட்டு ஆன்டெனா, ஒரு சோலார் பலகை. வேலை முடிந்தது.

பழைய லைன்மேன் (பாலக்கோடு)
தம்பி, தட்டு வைத்த வீட்டைச் சுற்றித்தான் இணையம் வரும். காட்டில் வேலை செய்யும் இடத்துக்கு, ஆடு மேய்க்கிறவர் கைக்கு வராது. மாதக் கட்டணம் யார் கட்டுவது? சின்ன டவருக்குப் பின்வழியாக சாட்டிலைட்டை வைக்கலாம், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். டவருக்குப் பதிலாக அது முடியாது.

ஏரியூர் டீச்சர்
எனக்கு வேறு ஒரு கோபம். கணக்கு ஊராட்சி அளவில் எடுக்கிறார்கள். ஊராட்சி அலுவலகத்துக்கு ஃபைபர் வந்தால் 'இணைக்கப்பட்டது' என்று டிக். பெட்டமுகிலாளம் மாதிரி, சித்தேரி மாதிரி மலை ஊராட்சியில் சிற்றூர்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அலுவலகத்தில் பெட்டி மினுக்கிக்கொண்டிருக்கும், அடுத்த சரிவில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. கொரோனா சமயத்தில் என் வகுப்பில் நான்கு பிள்ளைகள் அந்தச் சரிவில்தான் இருந்தார்கள். இரண்டு பேர் பள்ளிக்குத் திரும்பவே இல்லை.

'காட்டு நிலம், அனுமதி கிடைக்காது' என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் ஒன்று நினைவில் வையுங்கள். 2006 வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவில், கிராம சபை பரிந்துரைத்தால், ஒவ்வொரு தேவைக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ஒதுக்கலாம். அந்தப் பட்டியலில் மின் கம்பியும் தொலைத்தொடர்புக் கம்பியும் இருக்கின்றன.

பாகலூர் ரோடு (ஓசூர்)
கம்பி என்றுதானே இருக்கிறது டீச்சர், டவர் என்று இல்லையே?

ஏரியூர் டீச்சர்
ஆமாம், டவர் என்று இல்லை. அதனால்தான் கம்பியை முதலில் கேட்கச் சொல்கிறேன். ஃபைபரும் கரண்டும் மேலே வந்துவிட்டால் டவருக்குப் பட்டா நிலத்தில் இடம் பார்க்கலாம்.

பாகலூர் ரோடு (ஓசூர்)
சரி, சிற்றூர் கணக்கு விஷயத்தில் உங்களோடு இருக்கிறேன். அந்த நிதியை மலைக்கு விடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் மாநகராட்சி புதுத் தெரு போடும்போதே கேபிளுக்குக் குழாய் பதிக்க வேண்டும், அடுக்குமாடிக்கு அனுமதி கொடுக்கும்போதே ஃபைபருக்கு வழி கேட்க வேண்டும். அதற்கு அந்த நிதி தேவையில்லை. யாரையும் காத்திருக்கச் சொல்லவும் தேவையில்லை.

மலையடிவாரம் (அரூர்)
காத்திருக்கச் சொன்னது கோபத்தில் வந்த வார்த்தை சார், அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். முதல் ரூபாய் மலைக்கு என்பதை எடுக்கமாட்டேன்.

டீச்சர், அடுத்த கிராம சபை நவம்பர் 1. அக்காவிடம் சொல்லி சிற்றூர் சிற்றூராக எழுதச் சொல்கிறேன்: எத்தனை வீடு, எந்தப் பாறையில் சிக்னல், எத்தனை நிமிட நடை. தீர்மான வாசகத்தை நீங்கள் பார்த்துத் தர முடியுமா? அண்ணா, வளையம் எந்த வழியாக வரலாம் என்று ஒரு படம் போட்டுக் கொடுங்கள்.

பழைய லைன்மேன் (பாலக்கோடு)
ஞாயிற்றுக்கிழமை அரூர் வருகிறேன். பைக்கில் மலை ஏறிப் பார்த்துவிட்டுத்தான் கோடு போடுவேன், கூகுள் மேப்பை வைத்துப் போடமாட்டேன்.