அண்ணனை ஏ.ஏ. கூட்டத்துக்கு அனுப்ப யோசனை சொல்லுங்கள்

குடியை விடணும் என்று அண்ணனே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்புகூட வரலாம் என்பதால் டாக்டரிடம் காட்டி மருந்து போகிறது. அடுத்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.), அதாவது குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடிப் பேசும் கூட்டம். கட்டணம் இல்லை, குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும் என்பது தெரியும். திறந்த கூட்டம் என்றால் நானும் கூடப் போகலாம், மூடிய கூட்டம் என்றால் அவர் மட்டும்தான். முதல் தடவைக்கு எது நல்லது?

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை வருகிறார், "தெரிஞ்சவன் எவனாவது இருந்தா?" என்று திரும்பிவிடுகிறார். போனதும் பேசியே ஆகணுமா, பின்வரிசையில் சும்மா உட்காரலாமா? ஆன்லைன் கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டுத் தொடங்கியவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம், குடும்பத்தாருக்கான அல்-அனான் குழுவுக்கு அண்ணியை அனுப்பலாமா?

"மனசு வச்சா விட்டுடலாம்" ரக அறிவுரை மட்டும் வேண்டாம், அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது. வெளியே தெரிய வேண்டாம் என்பவர்கள் இன்பாக்ஸில் எழுதுங்கள்.