புதுப்பிப்பு: தாய்ப்பாலை மெதுவாக நிறுத்துவது

இரண்டு வயது தாண்டியும் தாய்ப்பால் தரலாம் என்று எழுதியிருந்தேன். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் அம்மாக்கள் சிலர், நிறுத்துவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள்.

ஒரேயடியாக நிறுத்தாதீங்க. பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரைக்கும் போய்விடும். பகலில் ஒரு வேளையை முதலில் விடுங்கள், 3 முதல் 5 நாள் கழித்து அடுத்தது. தூங்கும் நேரத்துப் பாலைக் கடைசியாக விடலாம், பிள்ளை அதைத்தான் அதிகம் தேடும்.

மார்பு கல்லாகக் கனத்தால் வலி தணியும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சுங்கள். முழுதாக எடுத்தால் மறுபடி ஊறும். ஓரிடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் டாக்டரைப் பாருங்கள். அந்த நேரத்திலும் பால் கொடுக்கலாம்.

பாலை மறக்கடிக்க மார்பில் வேப்பெண்ணெய் தடவ வேண்டவே வேண்டாம், பிள்ளை மிரண்டுபோகும். விடும் வேளையில் கேழ்வரகுக் கூழோ அவித்த முட்டையோ முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.