டாட் பாலுக்கு 500 கன்று: எங்க புல்வெளிக்கு ஒண்ணுகூட வேண்டாம்

எமரால்டுக்காரன்: நேத்து இங்க ஒருத்தர் எழுதினார்: "2023 ஐபிஎல் ப்ளே-ஆஃப்ல ஒவ்வொரு டாட் பாலுக்கும் (ரன் எடுக்காத பந்து) 500 மரக்கன்றுன்னு கிரிக்கெட் வாரியம் பிசிசிஐ அறிவிச்சுது. அதை அவலாஞ்சி பக்கம் மொட்டையா கிடக்கிற மலைல நட்டா நீலகிரி பசுமையாயிடும்." மொட்டை மலையா? அது புல்வெளிங்க. மழையை உள்ள வாங்கி வெயில் காலத்துல ஓடையில விடுறதே அந்தப் புல்லுதான். அங்க ஒரு கன்றுகூட வைக்கக் கூடாது.

மஞ்சள்படை_குன்னூர்: எழுதினது நான்தான். நேரா என் பேரைச் சொல்றதுக்கென்ன? சேப்பாக்கத்துல குஜராத்தோட நடந்த குவாலிஃபயர்ல மட்டும் 84 டாட் பால். 42,000 கன்று. நீங்க வாழ்க்கைல எத்தனை நட்டீங்க அண்ணா?

எமரால்டுக்காரன்: நட்டதில்ல தம்பி, பிடுங்கியிருக்கேன். வெளிநாட்டுலயிருந்து வந்த சீகை (வாட்டில்) கன்று விரல் தடிமன்ல இருக்கும்போது, மழை பெஞ்ச மறுநாள் இழுத்தா வேரோட வரும். வளர விட்டு வெட்டினா, மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா கிடந்த விதையெல்லாம் வெயில் பட்டு முளைச்சிடும்.

கொடை_மன்னவனூர்: பழனி மலைலயும் இதே கதைதான். எங்க பார்த்தாலும் சீகை, பைன், தைல மரம். புல்வெளில வளர்ற குறிஞ்சியை 2018 சீசன்ல அந்த மரத்தடியில போய்த் தேடிப் பார்த்தேன், ஒரு செடி இல்ல.

மஞ்சள்படை_குன்னூர்: கொடைக்கானலை யார் கேட்டா? 500 கன்று நல்லதா கெட்டதா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

ஈசாலா_ஊட்டி: பசுமையை ஆரம்பிச்சு வெச்சதே எங்க பெங்களூர் டீம் ஆர்சிபிதான். 2011லயிருந்து பச்சை ஜெர்சி. எங்க சின்னசாமி ஸ்டேடியம் கூரைல 2015லயே சோலார். உங்க சென்னை டீம் அப்போ என்ன பண்ணிட்டிருந்துச்சு?

மஞ்சள்படை_குன்னூர்: கப்பு வாங்கிட்டிருந்துச்சு.

ஈசாலா_ஊட்டி: 2025 கப்பு யார் கையில? கண்ணாடி போட்டுப் பாருங்க.

லவ்டேல்_டீச்சர்: கன்றுக் கணக்கு பேசுறவங்க விமானக் கணக்கு ஏன் பேச மாட்டேங்கிறீங்க? பத்து டீமும் ரெண்டு மாசம் ஊர் ஊரா பறக்குது. ராத்திரி பூரா ஃப்ளட்லைட். 2016ல மகாராஷ்டிரா வறட்சில தவிச்சப்போ, ஏப்ரல் 30க்கு அப்புறம் அங்க மேட்சே கூடாதுன்னு மும்பை ஐகோர்ட் சொல்ல வேண்டியதாச்சு. வாரியம் தானா நகரல.

எமரால்டுக்காரன்: டீச்சர், விமானம் அப்புறம். புல்வெளிக்கு வாங்க. வெள்ளைக்காரன் சீகையையும் கற்பூர மரத்தையும் (தைல மரம்தான்) விறகுக்குன்னு கொண்டாந்தான். சுதந்திரத்துக்கு அப்புறம் தோல் பதனிடப் பட்டை வேணும்னு நம்ம ஆளுங்களே மலை மலையா நட்டாங்க. அவங்களும் நல்லது பண்றதாத்தான் நினைச்சாங்க. இப்ப முக்கூர்த்தி தேசியப் பூங்காவுல வரையாடு மேய இடம் சுருங்கி, சென்னை ஐகோர்ட் தலையிட்டு, அந்நிய மரத்தை எடுக்கச் சொல்லி வேலை நடக்குது. ஒரு பக்கம் அரசாங்கம் பிடுங்கும், இன்னொரு பக்கம் கிரிக்கெட்காரன் நடுவானா? ஒரு கன்றுகூடக் கூடாது. திரும்பச் சொல்றேன், ஒண்ணுகூட.

மஞ்சள்படை_குன்னூர்: சீகை நடச் சொன்னேனா? நாட்டு மரம் நடலாமே!

எமரால்டுக்காரன்: எந்த மரமானாலும் புல்வெளில கூடாது. அங்க வளர வேண்டியது புல்லு. இதை எத்தனை தடவை சொல்றது?

மஞ்சள்படை_குன்னூர்: புல்லு புல்லுன்னு பேசுற அண்ணா, போன மே மாசம் உங்க காட்டேஜ்ல பெரிய ஸ்க்ரீன் வெச்சு ஜெனரேட்டர் ஓட்டி மேட்ச் காட்டினீங்களே, அந்தப் புகை புல்லுக்கு நல்லதா? குடிக்கத் தண்ணி லாரிக்கு நாங்க நின்னப்போ உங்க கெஸ்டுக்கு ஷவர் ஓடுச்சு.

எமரால்டுக்காரன்: காட்டேஜ் என் மச்சானோடது. இழுக்காதீங்க.

கொடை_மன்னவனூர்: ஊட்டி, கொடைக்கானல் வர்ற வண்டிக்கு இபாஸ் போட்டும் ரெண்டு ஊர்லயும் சீசன் கூட்டம் குறையல. அதையும் யாராவது பேசலாம்.

லவ்டேல்_டீச்சர்: நான் கேட்டது அப்படியே நிக்குது. விமானம்?

ஈசாலா_ஊட்டி: டீச்சர், பச்சை ஜெர்சி மறுசுழற்சிப் பொருள்ல செஞ்சது. அதாவது தெரியுமா?

எமரால்டுக்காரன்: ஜெர்சியை விடுங்க. அவலாஞ்சிக்கு நேர்ல வாங்க தம்பி, அந்தச் சரிவுல நின்னுட்டு "மொட்டை"ன்னு இன்னொரு தடவை சொல்லுங்க பார்ப்போம்.

மஞ்சள்படை_குன்னூர்: வர்றேன். 500 கன்றோட வர்றேன். காட்டேஜ் ஜெனரேட்டருக்கு இன்னும் பதில் வரல.