பழைய ஆர்பிஜி கேம்களை எளிமையாக்கலாமா? சுங்கை சிப்புட் பக்கத்து ஆட்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லயத்துக்காரன் எழுதியது:

ஆர்பிஜி என்றால் ஒரு பாத்திரமாக மாறி, நிலை ஏறிக் கதைக்குள் போகும் கேம். அந்த வகையில் பால்டர்ஸ் கேட் 3 முடித்த தம்பிமார்கள் பலர் இப்போது 1998-இல் வந்த முதல் பாகத்தைத் தேடிப் போகிறார்கள். போன வேகத்தில் திரும்பியும் வந்துவிடுகிறார்கள். "இதையெல்லாம் ஈசியாக்கிப் புதுசா விட்டா என்ன அண்ணே?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். எதை எளிமையாக்குவது என்பதில்தான் எனக்கு வழக்கு. டவுனிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் அந்தக் காலத்தில் இவற்றை விளையாடியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களை எது தடுத்தது, எது பிடித்து வைத்தது என்று எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

எனக்கு அந்தக் கேம் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில் கிடைத்தது. ஐந்து சிடி, பிளாஸ்டிக் உறை, வேறு எதுவும் இல்லை. அசல் பெட்டியில் தடிமனான கையேடு இருந்தது. விதி, மந்திரம், ஆயுதம் எல்லாம் அதில்தான். நம் கைக்கு வந்த கள்ளப் பிரதியில் அது கிடையாது. வீட்டில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், ஆங்கிலம் ஒரு பாடம் மட்டும். திரையில் 'தேக்கோ 20' என்று ஓர் எண் நிற்கும். நல்ல கவசம் வாங்கிப் போட்டால் கவச எண் குறையும். குறைவது நல்லதா கெட்டதா என்று சொல்ல ஆளில்லை.

சொல்லிக் கொடுத்தவர் எங்கள் தோட்டத்துக் கிராணியின் மகன். ஆபீஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். உன் தேக்கோ 20, எதிரியின் கவச எண் 5. கழித்தால் 15. இருபது முகப் பகடையில் 15-ஓ அதற்கு மேலோ விழுந்தால் அடி படும். அதாவது இருபதுக்கு ஆறு வாய்ப்பு. எதிரி இரும்புக் கவசம் போட்டு அவன் எண் 2 ஆகிவிட்டால் உனக்கு 18 விழ வேண்டும். உன் வீரன் ஒரு நிலை ஏறினால் தேக்கோ 19, அப்போது 17 போதும். தொடக்கப்பள்ளிக் கழித்தல் கணக்கு, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அந்தக் கேமை விட முடியவில்லை. முதல் நிலை மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி நான்கைந்துதான் இருக்கும். ஓர் ஓநாய் சரியாகக் கடித்தால் ஆள் காலி. அதனால் வீரனை முன்னால் நிறுத்தி, மந்திரவாதியைப் பின்னால் ஒளித்து, கூட்டமாக வந்தால் ஸ்லீப் மந்திரம் போட்டுத் தூங்க வைத்து அடிப்போம். ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் யோசனை ஓடும்.

இந்த விதிகள் எல்லாம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டிலிருந்து வந்தவை. 2000-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு தேக்கோவைத் தூக்கிவிட்டது. கவச எண் ஏற ஏற நல்லது என்று ஆக்கியது. கணக்கு ஏறக்குறைய அதே கணக்குதான், திசை மட்டும் நேரானது. விளையாடுபவனுக்கு ஒன்றும் நட்டமில்லை. பால்டர்ஸ் கேட் மூன்றாம் பாகத்தில் எதிரி மேல் சுட்டியை வைத்தாலே அடி படும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று காட்டிவிடுகிறது. இந்த வகை எளிமை எவ்வளவு வந்தாலும் எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்த மந்திரவாதி ஒரு கடியில் சாகக்கூடியவனாகவே இருக்க வேண்டும். அவனைத் தேக்குமரம் ஆக்கிவிட்டால் யார் அவனைப் பின்னால் ஒளிப்பார்கள்? யோசிக்க வைத்த இடமே போய்விடும்.

ஆறாம் நம்பர் காடு எழுதியது:

லயத்துக்காரன் அண்ணே, நல்ல திரி. நான் மோரோவிண்ட் பற்றிச் சொல்கிறேன். 2002-இல் வந்தது. ஈப்போவில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்து ஏற்றிக் கொடுத்தார்.

அதில் அம்புக்குறி கிடையாது. போக வேண்டிய இடத்தில் புள்ளி வைத்துக் காட்டாது. ஊர்க்காரர்கள் வாயால் வழி சொல்வார்கள். சாலையைப் பிடித்து வடக்கே போ, பாலம் தாண்டினால் பாதை பிரியும், இடப்பக்கம் திரும்பு, மலை அடியில் கதவு இருக்கும் என்கிற மாதிரி. அது குறிப்பேட்டில் ஏறும். மீதி உன் பாடு.

தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இது பழக்கமான சங்கதி. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போகச் சொல்லும்போது அம்மாவும் இப்படித்தான் வழி சொல்வார். ஆறாம் நம்பர் காடு, கால்வாய்ப் பாலம் தாண்டி பழைய பால் கொட்டாய், அங்கிருந்து மூன்றாவது நிரை. எந்தப் பக்கம் பார்த்தாலும் செம்பனை ஒரே மாதிரி நிற்கும். சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால்தான் சோறு சூடாகப் போய்ச் சேரும்.

அசல் பெட்டியில் காகித வரைபடம் ஒன்று கொடுத்தார்கள். அதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. மளிகைக் கடைக்காரர் தந்த நாள்காட்டித் தாளைத் திருப்பி நாங்களே வரைந்தோம். நடுவில் ரெட் மவுண்டன், தென்மேற்கே கப்பல் வந்து இறக்கிவிடும் ஸெய்டா நீன், அதற்கு மேலே பால்மோரா, தெற்கே விவெக். ஆட்களைச் சுமந்து போகும் சில்ட் ஸ்டிரைடர் பூச்சி எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் என்று சிவப்பு மையில் கோடு. கதவு கிடைத்த குகைக்கெல்லாம் என் தங்கச்சி ஒரு வட்டம் போட்டு, உள்ளே என்ன கிடைத்தது என்று பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதுவாள். தாள் போதாமல் பிப்ரவரி மாதத்தையும் ஒட்ட வேண்டியதாயிற்று.

2006-இல் அதே வரிசையில் அடுத்ததாக ஒப்லிவியன் வந்தபோது திசைகாட்டியில் அம்புக்குறி வந்துவிட்டது. யார் என்ன பேசினார்கள் என்று படிக்காமலே அம்பைப் பார்த்து நடந்து வேலையை முடிக்கலாம். "வேண்டாம் என்றால் அம்பைக் கண்டுகொள்ளாமல் விளையாடு" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது நடக்கிற காரியம் இல்லை. அதற்கடுத்து 2011-இல் வந்த ஸ்கைரிமில் பல வேலைகளுக்கு வழி சொல்லும் பேச்சையே எழுதவில்லை. அம்பு காட்டும் என்ற தைரியத்தில் எழுத்தாளர்கள் விட்டுவிட்டார்கள். அம்பை மறைத்தால் எங்கே போவது என்றே தெரியாது. எளிமை என்று ஒன்றைச் சேர்க்கும்போது எது எழுதப்படாமல் போகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

அதற்காக மோரோவிண்டில் ஒன்றையும் தொடக்கூடாது என்று சொல்லவில்லை. கத்தி எதிரி உடம்பில் பாய்வது கண்ணுக்குத் தெரியும், உள்ளே பகடை தவறிவிட்டதால் அடி விழாது. புதிதாக வருபவன் கேம் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பான். எதிரி விலகுவதையோ தடுப்பதையோ காட்டினால் தீர்ந்தது. இன்னொன்று, சில இடங்களில் ஊர்க்காரர் சொல்லும் வழியே தப்பு. அதைச் சரிசெய்வது பிழைதிருத்தம், அதை யாரும் எதிர்க்க மாட்டார்கள்.

இரவு ஷிப்ட் தாதி எழுதியது:

அண்ணன்மார் இருவருக்கும் வணக்கம். நான் கொஞ்சம் மாற்றிப் பேசப் போகிறேன்.

ஃபைனல் ஃபேன்டஸி VII, 1997. மூன்று சிடி. எங்கள் வீட்டில் பிளேஸ்டேஷன் என் தம்பியுடையது. மெமரி கார்டில் மொத்தம் 15 இடம், அதில் எனக்கு ஒன்று. நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது. ஊருக்கு வெளியே திறந்த வெளியில் சேமிக்கலாம், குகைக்கோ கட்டடத்துக்கோ உள்ளே போய்விட்டால் சேமிக்கும் புள்ளி வரும் வரை நடக்க வேண்டும். இடி இடித்தால் அம்மா வந்து பிளக்கைப் பிடுங்கிவிடுவார். எங்கள் பக்கம் சாயங்காலம் ஆனால் இடிதான். முதல் சிடியின் கடைசியில் நாயகனின் தோழி ஏரித் சாவதைப் பார்த்து அழுதேன். அதற்கு மேல் என்னால் போகவே முடியவில்லை. பள்ளி, வீட்டு வேலை, அப்புறம் தாதியர் பயிற்சி என்று போய்விட்டது.

2015-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு அதே பழைய கேமை விட்டார்கள். மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டலாம். வழியில் திடீர் திடீரென்று வரும் சண்டைகளை நிறுத்தி வைக்கலாம். அடிபட்டாலும் உயிர் நிரம்பிக்கொண்டே இருக்கும்படி வைக்கவும் ஒரு வசதி உண்டு. ஒரு வசனமும் குறையவில்லை, ஓர் இடமும் குறையவில்லை. இரவு வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு கிடைக்கும் நேரத்தில் அதை முடித்தேன். பெரிய எதிரிகளைச் சரியான வேகத்தில்தான் அடித்தேன், யாரும் சொல்லி இல்லை, எனக்கே அப்படித் தோன்றியது.

இதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் நேரம் நிறைய உள்ளவர்கள். பெண்பிள்ளைகளுக்கு வீட்டில் டிவி எத்தனை மணி நேரம் கிடைத்தது என்று உங்கள் அக்கா தங்கச்சியைக் கேட்டுப் பாருங்கள். 2024-இல் வந்த டிராகன் குவெஸ்ட் III மறுஆக்கத்தில் எளிய நிலை ஒன்று இருக்கிறது, நம் ஆட்களின் உயிர்ப்புள்ளி 1-க்குக் கீழே போகாது. என் மகள் அதில்தான் விளையாடுகிறாள். யார் எந்தத் தொழில், யாருக்கு என்ன ஆயுதம் என்று அவளாகவே யோசித்துக் கூட்டம் சேர்க்கிறாள். அவள் மூளைக்கு வேலை கொடுக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்?

லயத்துக்காரன் அண்ணே, பால்டர்ஸ் கேட் பழைய பாகத்தில் இப்படி ஏதாவது வசதி இருக்கிறதா? நானும் தொடங்கலாம் என்று பார்க்கிறேன்.

வால்ட் 13 எழுதியது:

ஃபால்அவுட், 1997. நீ வாழும் நிலவறையில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் சிப் கெட்டுவிட்டது, 150 நாளுக்குள் புதிது கொண்டு வா என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். வரைபடத்தில் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் நாள் கழியும். புத்தியைப் பத்துக்கு 3-இல் வைத்து ஆளை உருவாக்கினால் அவனால் ஒழுங்காகப் பேசவே முடியாது, ஊரே அவனை வேறு மாதிரி நடத்தும். ஒரே கேம், ஆளை மாற்றினால் வேறு கதை. இந்த இரண்டிலும் கை வைக்காமல் மற்றது எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

கல்லாப்பெட்டி எழுதியது:

நான் டவுனில் சைபர் கபே பார்த்துக்கொண்டவன். மணிக்கு இரண்டு வெள்ளி. யாரும் இங்கே சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கணினியை அணைத்துப் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் மென்பொருள் எல்லா கபேயிலும் இருந்தது. வைரஸ் தொல்லைக்காக. அதில் சேமித்த கேமும் போய்விடும். அதனால்தான் நம் பையன்கள் ரக்னரோக் என்ற ஆன்லைன் கேம் பக்கம் போனார்கள். அது சர்வரில் இருக்கும், எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் உன் ஆள் உனக்குக் கிடைப்பான். பழைய ஆர்பிஜி நம் ஊரில் பரவாததற்கு விதி கஷ்டம் என்பது காரணமே இல்லை. கையில் காசு இருந்த ஒரு மணி நேரத்துக்குள் அது அடங்கவில்லை.

ஒரே ஒரு பையன் பிளேன்ஸ்கேப் டார்மென்ட் விளையாடுவான். 1999-இல் வந்தது. சுமார் 8 லட்சம் சொற்கள் அதில் இருப்பதாகச் சொல்வார்கள். தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய்மொழிக்காக ஓராண்டு புகுமுக வகுப்பு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவன், அகராதியைப் பையில் வைத்துக்கொண்டுதான் வருவான். அவன் சேமித்ததை நான் கல்லாக் கணினியில் தனிக் கோப்புறையில் எடுத்து வைப்பேன். மறுநாள் வந்ததும் திரும்ப ஏற்றித் தருவேன். எதிரே இருப்பவர்கள் எல்லாம் கவுன்டர் ஸ்டிரைக்கில் கத்திக்கொண்டிருப்பார்கள், இவன் வாசித்துக்கொண்டிருப்பான்.

அந்தக் கேமில் நாயகனுக்குச் சாவு பெரும்பாலும் நிலைக்காது. செத்தால் பிணவறையிலோ வேறோர் இடத்திலோ எழுந்து உட்காருவான், கதை அங்கிருந்து தொடரும். சில இடங்களில் சாவதால்தான் வழியே திறக்கும். தாதி அம்மா சொல்லும் வசதியை அன்றைக்கே கதைக்குள் வைத்துவிட்டார்கள். சண்டை லேசு, படிப்பது கனம். சொற்களில் பாதியை வெட்டி எளிமையாக்கியிருந்தால் அந்தப் பையன் வந்திருக்கவே மாட்டான்.

லயத்துக்காரன் எழுதியது:

கல்லாப்பெட்டி அண்ணே, அந்தக் கோப்புறை சங்கதியைப் படித்துவிட்டு மனசு நிறைந்துபோனது. நீங்கள் அதைச் செய்யவில்லை என்றால் அவன் அந்தக் கதையின் முடிவைப் பார்த்திருக்கவே முடியாது.

தாதி தங்கச்சிக்கு: இருக்கிறது. 2012-இல் பழைய பாகத்தை என்ஹான்ஸ்டு எடிஷன் என்று திருத்தி விட்டார்கள். பின்னால் அதில் ஸ்டோரி மோட் சேர்த்தார்கள், அதில் உங்கள் ஆட்கள் சாக மாட்டார்கள். நடுவில் எப்போது வேண்டுமானாலும் அமைப்பில் போய் மாற்றிக்கொள்ளலாம். எழுத்தையும் பெரிதாக்கலாம். உங்கள் பதிவைப் படித்த பிறகு இந்த வசதி இருப்பதில் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை, மற்ற நிலைகள் அப்படியே பக்கத்தில் இருப்பதால். ஆறாம் நம்பர் காடு சொன்ன ஆபத்து இங்கே இல்லை. அடித்தளத்தில் எழுதப்பட்டது எல்லாம் எழுதப்பட்டபடியே இருக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். 1981-இல் வந்த விசார்ட்ரி முதல் பாகத்தை மறுஆக்கம் செய்து 2024-இல் முழுசாக வெளியிட்டார்கள். அடியில் பழைய ஆப்பிள் II நிரலே ஓடுகிறது, திரையின் மூலையில் அந்தப் பழைய படத்தையும் காட்டலாம். கடுமையான பழைய விதிகளில் எது வேண்டும் எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்துகொள்ளலாம். செத்தவனை எழுப்பப் போய் அது தவறினால் சாம்பலாகிவிடுவான், மறுபடி தவறினால் ஆளே இல்லை, அப்படிப்பட்ட விதிகள் உள்ள கேம் அது. இங்கே யாராவது அதை விளையாடியிருக்கிறீர்களா? எந்த விதிகளை வைத்துக்கொண்டீர்கள், எதை அணைத்தீர்கள், ஏன் என்று எழுதுங்கள்.