தலைவர் பதவிக்குப் பெண்களின் வேட்புமனு நிலைப்பதே இல்லை: பேரவை விதியை எப்படி மாற்றுவது?

எங்கள் மாணவர் பேரவையில் 21 இடங்கள். அதில் 7 பெண்களுக்கு ஒதுக்கீடு. மூன்று தேர்தல்களாக அந்த 7 இடங்களுக்கு மட்டுமே பெண்கள் வருகிறார்கள். தலைவர், பொருளாளர் பதவிகளுக்குப் பெண்களிடமிருந்து வரும் ஒன்றிரண்டு மனுக்களும் திரும்பப் பெறும் கடைசி நாளில் போய்விடுகின்றன. "உங்களுக்குத்தான் தனி இடம் இருக்கிறதே" என்று சொல்லியே திருப்பிவிடுகிறார்கள். குறைந்தபட்சமாக வைத்த எண் உச்சவரம்பாகிவிட்டது. சிக்கலின் வேர் இதுதான்.

இரவு 7 மணிக் கூட்டத்தை மதிய இடைவேளைக்கு மாற்றினோம். வருகை கூடியது, மனுக்கள் கூடவில்லை. குறிப்பெடுக்கும் வேலையைச் சுழற்சியில் விட்டோம் (அதுவரை எப்போதும் ஒரு பெண்ணின் தலையில்தான் விழும்). பேச்சுக்கு ஆளுக்கு 3 நிமிடம். பிரசாரத்தில் கேலி செய்தால் விசாரிக்கத் தனிக்குழுவும் உண்டு. ஆனால் அந்தக் குழுவின் முடிவு வருவதற்குள் வாக்குப்பதிவே முடிந்துவிடுகிறது.

அடுத்த மாதம் விதித்திருத்தம் பொதுக்குழுவுக்குப் போகிறது. ஓராண்டு விட்டு ஓராண்டு தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கலாம். அல்லது தலைவரும் துணைத்தலைவரும் ஒரே அணியாக, ஒருவர் கட்டாயம் பெண்ணாக நிற்கலாம். இரண்டாவதில் பெண்ணை எப்போதும் துணைப் பதவிக்கே தள்ளிவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன்.

இவற்றில் ஒன்றை நடைமுறைப்படுத்தியவர்கள், அப்படித் தள்ளிவிட முடியாதபடி விதியின் வாசகத்தை எப்படி எழுதினீர்கள்?