ஹிமாலயன் 411-லிருந்து 450: எஞ்சினையே ஏன் மாற்றினார்கள்?

ஓசூர் ரைடர்:
என்னிடம் ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411 பைக் இருக்கிறது. வரும் ஜூலையில் லடாக் போகிறோம். கூட வருகிறவர்கள் புதிய 450 வாங்கச் சொல்லி நச்சரிக்கிறார்கள். எடை பார்த்தால் 199 கிலோ 196 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். பழைய எஞ்சினிலேயே போரை (சிலிண்டரின் உள்விட்டத்தை) கொஞ்சம் பெரிதாக்கியிருந்தால் போதாதா?

பட்டறை அண்ணாச்சி:
போதாது தம்பி. லடாக்கின் கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் பாதிதான், கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று எவ்வளவு குறைகிறதோ சக்தியும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். 411-இன் 24.3 குதிரைத்திறன் அங்கே 13 பக்கம் வந்து நிற்கும். 450-இன் 40, இருபதை ஒட்டி. எஃப்ஐ (ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்) இருக்கிறதே என்பார்கள். அது பெட்ரோலை அளந்துதான் விடும், காற்றுக்கு எங்கே போகும்?

சரி, போர் விஷயத்துக்கு வருகிறேன். 411-இல் போர் 78 மி.மீ., ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம், 86. கீழ் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கான சுற்றில்) உழவு மாடு மாதிரி இழுக்கும். ஆனால் 6,500-லேயே சக்தியின் உச்சம் முடிந்துவிடும். அதே ஸ்ட்ரோக்கோடு 8,000-க்குச் சுற்றினால் பிஸ்டன் வினாடிக்குச் சராசரியாக 23 மீட்டர் ஓட வேண்டும், பெரிய ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்கு அது அதிகம். அதனால் 450-இல் போரை 84 ஆக்கி, ஸ்ட்ரோக்கை 81.5-க்குக் குறைத்தார்கள். சிலிண்டர் ஹெட்டில் இரண்டு வால்வுக்குப் பதில் நான்கு. இவ்வளவு சுற்றினால் சூடும் ஏறும், முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்றும் கிடைக்காது. 450-இல் ரேடியேட்டர் வைத்துத் திரவத்தால் குளிர்விப்பது அதற்குத்தான்.

ஒன்றை இழந்தோம். 411-இன் டார்க் (இழுவிசை) 4,000 சொச்சம் ஆர்பிஎம்மிலேயே முழுசாக வந்துவிடும், 450-க்கு 5,500 வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசிக்கு எனக்கு இன்றும் பழையதுதான்.

கோவை_ட்ரெயில்:
ஃப்ரேம்? 411-க்கு ஹாரிஸ் பெர்ஃபாமன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் செய்தது நன்றாகத்தானே இருந்தது?

பட்டறை அண்ணாச்சி:
நல்ல ஃப்ரேம்தான், குறை சொல்ல மாட்டேன். அதில் எஞ்சினைக் கீழிருந்து குழாய்கள் தாங்கும். 450-இல் எஞ்சினே ஃப்ரேமின் பாரத்தைச் சுமக்கிறது, அந்தக் குழாய்கள் தேவையில்லை. கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் பைக்கின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி) 220-லிருந்து 230 மி.மீ., பின் சஸ்பென்ஷன் டிராவல் (சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம்) 180-லிருந்து 200. முன் சக்கரம் இரண்டிலும் 21 இன்ச், கல்லை ஏறித் தாண்ட அது வேண்டும்.

ஓசூர் ரைடர்:
அப்போ 411-லேயே போகலாமா அண்ணாச்சி?

பட்டறை அண்ணாச்சி:
தாராளமாக. பின்னால் ஆள் மட்டும் வேண்டாம், பெட்டியையும் குறையுங்கள். இழுக்கவில்லை என்று கிளட்சைப் பாதி பிடித்தபடி ஏறாதீர்கள், பிளேட் கருகிவிடும்.