விசில் எந்தப் பக்கம் சாய்ந்தது? கால்பந்து ரசிகர்களின் அனுபவங்கள்

வெளியூர் அணி ரசிகர்:

எதிரணியின் மைதானத்தில், எங்களுக்கென்று ஒதுக்கிய மூலையில் நின்று பார்த்த லீக் ஆட்டம் அது. கண்ணை உறுத்தும் பெனால்டி, சிவப்பு அட்டை எதுவும் இல்லை. ஆனால் எங்கள் ஆள் தோளால் உரசினால் விசில், அவர்கள் அதையே செய்தால் “ஆடுங்கள்” என்று கை நீட்டுவார் நடுவர். ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். இஞ்சுரி டைம், அதாவது 90 நிமிடம் முடிந்த பின் சேர்க்கும் நேரம், 4 நிமிடம் என்று பலகை காட்டினார்கள். ஆறாவது நிமிடத்தில் கார்னர், தலையால் முட்டி கோல். நாங்கள் மையத்தில் பந்தைத் தொட்டதும் ஆட்டம் முடிந்தது.

ஆற்றாமையில் பேசுகிறேன் என்பீர்கள். ஸ்பெயின் லீக் ஆட்டங்களை அலசி 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் சொல்கிறது: சொந்த மைதான அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் இஞ்சுரி டைம் நீள்கிறது, ஒரு கோல் முன்னிலை என்றால் சுருங்குகிறது. வித்தியாசம் இரண்டு மூன்று கோல் என்றால் இந்தச் சாய்வு இல்லை. 2002 உலகக் கோப்பையில் தென்கொரியாவுக்கு எதிராக இத்தாலியின் டோட்டியை வெளியேற்றினாரே எக்வடார் நடுவர் பைரன் மோரேனோ, அவர் அதே ஆண்டு தன் நாட்டுத் தலைநகர் குயிட்டோவில் நடந்த லீக் ஆட்டத்தில் 6 நிமிடம் என்று காட்டிவிட்டு அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு ஆடவிட்டார். பின்தங்கியிருந்த உள்ளூர் அணி 4-3 என்று வென்றது. அப்போது அவர் அந்த நகர மன்றத் தேர்தலில் வேட்பாளர்! 20 ஆட்டங்களுக்குத் தடை விதித்தார்கள்.

முன்னாள் துணை நடுவர்:

கொடி பிடித்துக் கோட்டோரம் ஓடியவன் என்ற முறையில் சொல்கிறேன். உள்ளூர் அணிக்குச் சாதகமாக நட என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. முதுகுக்குப் பின்னால் சில அடி தூரத்தில் ஒரு ஸ்டாண்டே எழுந்து “ஹேண்ட்பால்” என்று கத்தும்போது, கண் பார்த்தது பாதிதான் என்றால் மீதியைக் காது நிரப்பிவிடும். தெளிவாகத் தெரிந்த ஃபவுலில் சத்தம் ஒன்றும் செய்யாது. ஐம்பதுக்கு ஐம்பது என்று நிற்கும் சின்னச் சின்ன மோதல்களில்தான் அது வேலை செய்யும். 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் காட்சிகளைச் சிலருக்குச் சத்தத்தோடும் சிலருக்குச் சத்தமில்லாமலும் காட்டிய 2002ஆம் ஆண்டுச் சோதனையில், சத்தம் கேட்டவர்கள் சொந்த மைதான அணிக்கு எதிராகக் குறைவான ஃபவுல்களே கொடுத்தார்கள். 2020இல் கொரோனாவால் காலி மைதானங்களில் ஆடியபோது, வெளியூர் அணிகள் கூடுதலாக வாங்கிவந்த மஞ்சள் அட்டைகளும் குறைந்தன.

அப்புறம் பயம். 2023 டிசம்பரில் துருக்கியில் ஆட்டம் முடிந்ததும் ஒரு கிளப் தலைவரே மைதானத்துக்குள் வந்து நடுவர் ஹலில் உமுத் மெலரின் முகத்தில் குத்தினார். லீக்கையே நிறுத்திவைத்தார்கள். 2025 பிப்ரவரியில் அதே நாட்டின் பரம எதிரி அணிகளான கலாட்டாசராய் – ஃபெனர்பாச்சே ஆட்டத்துக்கு ஸ்லோவேனிய நடுவரை வரவழைத்தது சரியான முடிவு என்பேன். அவர் காதிலும் அதே சத்தம்தான் விழும். ஆனால் மறுநாள் அவர் அந்த ஊர்த் தெருவில் நடக்க வேண்டியதில்லை.

இன்னொரு ரசிகர்:

சார், நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் எல்லாவற்றையும் சத்தத்தின் தலையில் கட்டிவிட முடியாது. 2004 ஜெர்மன் கோப்பையில் ஹாம்பர்க், உள்ளூர் அணியான பாடர்போர்னிடம் 2-0 முன்னிலையிலிருந்து 4-2 என்று தோற்றது. உள்ளூர் அணிக்கு இரண்டு பெனால்டி, ஹாம்பர்க் வீரர் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. பார்த்தால் வழக்கமான உள்ளூர் சாய்வு போலத்தான் இருக்கும். நடுவர் ராபர்ட் ஹோய்ட்சர் சூதாட்டக் கும்பலிடம் பணம் வாங்கியிருந்தார் என்பது 2005இல்தான் வெளியே வந்தது. சிறைத் தண்டனையும் வாழ்நாள் தடையும் கிடைத்தன.

“உள்ளூர் ஆட்டம், அப்படித்தான் இருக்கும்” என்று நாம் பழகிப்போனால், இப்படிப்பட்டவர்கள் அதற்குள்ளேயே ஒளிந்துகொள்வார்கள். அதனால்தான் கேட்கிறேன்: சர்ச்சையான ஒவ்வொரு முடிவுக்கும் விஏஆர் (வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் குழு) அறை உரையாடலை லீக்குகள் அன்றைக்கே வெளியிடட்டும். இஞ்சுரி டைமில் எந்த நிமிடம் எதற்காகச் சேர்க்கப்பட்டது என்ற கணக்கையும் சேர்த்துத்தான்.